இன்டக்ஷன் உலையின் குளிர்நீர் நின்றதால் ஏற்பட்ட நட்டத்தை எப்படிக் கணக்கிடுவது?

அரசூர்க் கணக்கர்:

வணக்கம். கோயம்புத்தூர் அரசூர்ப் பக்கம் உள்ள ஒரு சிறிய ஃபவுண்டரியில் கணக்குப் பிரிவைக் கவனித்துவருகிறேன். பம்பு உறைகளையும் மோட்டார் பாடிகளையும் வார்த்துக் கொடுக்கிறோம். இன்டக்ஷன் உலைக்கு மின்சாரம் கொடுக்கும் 350 கிலோவாட் பேனல் ஒன்றும், இரும்பை உருக்கும் 500 கிலோ குரூசிபிள் (உருக்குக் கலம்) இரண்டும் இருக்கின்றன.

சென்ற மாதம் ஒரு மாலை, உலை ஓடிக்கொண்டிருந்தபோதே காயிலுக்கும் (குரூசிபிளைச் சுற்றியுள்ள, உள்ளே தண்ணீர் ஓடும் தாமிரச் சுருள்) பேனலுக்கும் தண்ணீர் அனுப்பும் பம்பு ஓவர்லோடு ஆகி நின்றுவிட்டது. தண்ணீர் அழுத்தம் குறைந்தால் பேனலைத் தானாக நிறுத்த வேண்டிய பிரஷர் ஸ்விட்ச், அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்பதற்காகச் சில வாரங்களுக்கு முன்பே ஜம்பர் ஒயர் போட்டுச் செயலற்றதாக்கப்பட்டிருந்தது. எனவே தண்ணீர் இல்லாமலே சில நிமிடங்கள் மின்சாரம் ஓடியது. காயிலின் இன்சுலேஷன் கருகியது, எர்த் ஃபால்ட் (மின்சாரம் தரைக்குக் கசிவது) ஆனது, பேனலில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டு தைரிஸ்டர்கள் போய்விட்டன. எங்கள் மெல்டர் பதற்றப்படாமல் உலையைச் சாய்த்து, உருக்கை, அதாவது உருகிய இரும்பை, கைவசமிருந்த லேடில்களிலும் (ஊற்றும் வாளிகள்) காய்ந்த மணற்குழியிலும் ஊற்றிவிட்டார். யாருக்கும் காயமில்லை. பேனலே பழுதானதால் இரண்டாவது குரூசிபிளையும் பயன்படுத்த முடியாமல் மூன்று நாட்கள் உருக்குவேலை நின்றது.

பழுது பார்த்த செலவு 1,10,000 ரூபாய். முதலாளி இதையே நட்டம் என்று எடுத்துக்கொள்கிறார். மூடிய சுற்று (அதே தண்ணீர் திரும்பத் திரும்ப ஓடும் அமைப்பு), பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர், டீசல் பம்பு, மேல்நிலைத் தொட்டி ஆகிய அனைத்தும் சேர்த்து 6,80,000 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது. "இந்தப் பணத்துக்கு ஆறு முறை பழுது பார்த்துவிடலாமே" என்று அவர் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்பதில் தவறும் இல்லை, ஏனென்றால் அவர் கையில் இருப்பது நான் கொடுத்த அந்த ஒரே எண்தான்.

கணக்குக்கு வேண்டிய விவரங்கள்: இயல்பான நாளில் 14 ஹீட் (ஒரு ஹீட் என்பது குரூசிபிளை ஒருமுறை நிரப்பி உருக்குவது), அதாவது 7 டன் உருக்கி, 4.5 டன் நல்ல வார்ப்படம் எடுக்கிறோம். சராசரி விற்பனை விலை கிலோவுக்கு 110 ரூபாய். ஸ்கிராப், பன்றி இரும்பு, ஃபெர்ரோ கலவைகள், மணல், மின்சார யூனிட், போக்குவரத்து எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 86 ரூபாய் ஆகிறது. மாதச் சம்பளம் இதில் சேரவில்லை. தொழிலாளர் 28 பேர், நாள் ஒன்றுக்குச் சராசரியாக 700 ரூபாய். விட்டதைப் பிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஓட்டினோம், ஒரு வாடிக்கையாளருக்குத் தனி வண்டி வைத்து அனுப்பியதில் 38,000 ரூபாய் செலவானது. இவற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

உலைப் பராமரிப்பு:

ஐயா, கணக்கை மற்றவர்கள் சொல்வார்கள். அதற்கு முன் ஒன்றைப் பார்க்கச் சொல்கிறேன். 22 ஆண்டுகளாக இன்டக்ஷன் உலைகளோடு இருக்கிறேன். பம்பு நின்ற அந்த மாலையில்தான் உங்கள் நட்டம் தொடங்கியது என்று எனக்குத் தோன்றவில்லை.

350 கிலோவாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அதாவது 87 கிலோவாட் அளவு, காயிலிலேயே வெப்பமாகித் தண்ணீரோடு வெளியேறுகிறது. தண்ணீரின் வெப்பம் 15 டிகிரிக்கு மேல் உயராமல் இதை வெளியே கொண்டுபோக நிமிடத்துக்குச் சுமார் 84 லிட்டர் ஓட வேண்டும். காயிலில் தண்ணீர் பல பாதைகளாகப் பிரிந்து ஓடுகிறது. ஒரு பாதையில் ஓட்டம் பாதியானால் அந்தப் பாதையில் மட்டும் உயர்வு 30 டிகிரியாகிவிடும். 38 டிகிரியில் உள்ளே போன தண்ணீர் 68 டிகிரியில் வெளியே வரும்.

எங்கள் பகுதி போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புச் சத்து மற்ற உப்புகளைப் போலன்றி, தண்ணீர் சூடாகச் சூடாகக் கரைநிலையிலிருந்து பிரிந்து படிகிற குணமுடையது. எனவே காயில் எங்கே அதிகம் சூடாகிறதோ அங்கேதான் உப்பு முதலில் படியும். படிந்தபின் அந்த இடம் இன்னும் சூடாகும், இன்னும் படியும். தாமிரத்தோடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. ஒருமுறை ரிட்டர்ன் ஹோஸ் (காயிலிலிருந்து தண்ணீர் திரும்பும் குழாய்) ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினேன். முட்டை ஓட்டை நொறுக்கியதுபோல வெள்ளைச் சில்லுகள் விழுந்தன, ஒவ்வொன்றும் ஹோஸின் வளைவை அப்படியே பிரதி எடுத்திருந்தது. நான்கு ரிட்டர்ன் ஹோஸ்களில் மூன்று கட்டைவிரல் தடிமனுக்குக் கொட்ட, அந்த ஒன்று மட்டும் பல வாரங்களாகச் சுண்டுவிரல் அளவில் ஒழுகிக்கொண்டிருந்ததை எல்லோரும்தான் பார்த்தோம்.

உங்கள் பிரஷர் ஸ்விட்ச் அடிக்கடி ட்ரிப் ஆனது என்றால் அது கெட்டுப்போயிருந்தது என்று பொருளல்ல. தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அதற்கு ஜம்பர் போட்ட நாளுக்கு முன்னும் பின்னும் பேனலை என்ன பவரில் ஓட்டினார்கள், ஒரு ஹீட்டுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று மெல்டிங் லாக் புத்தகத்தில் பாருங்கள். அதைப் பார்க்காமல் நட்டக் கணக்கு முழுமையாகாது.

அரசூர்க் கணக்கர்:

மிக்க நன்றி ஐயா. இன்று லாக் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. விபத்துக்கு முந்தைய 50 வேலை நாட்களாகப் பேனலை 350-இல் ஓட்டவில்லை, 300-க்குள் வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். தண்ணீர் சூடாகிறது என்று மெல்டர் பென்சிலால் ஓரத்தில் பலமுறை எழுதி வைத்திருக்கிறார். 55 நிமிட ஹீட் 64 நிமிடமாகியிருக்கிறது. நாளுக்கு 14 ஹீட் 12 ஆகிவிட்டது. டன்னுக்கு 610 யூனிட்டாக இருந்த மின்செலவு 635 யூனிட் ஆகியிருக்கிறது. எங்களுக்கு யூனிட் 7.50 ரூபாய் விழுகிறது.

அந்தப் புத்தகம் என் மேசையிலிருந்து இருபதடி தூரத்தில்தான் இருந்தது. கணக்குப் பிரிவிலிருந்து யாரும் அதைத் திறந்து பார்த்ததே இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அடக்கவிலை:

இந்த லாக் விவரம் கிடைத்ததும் கணக்கே வேறாகிவிட்டது. இரண்டு பகுதியாகப் பார்க்கலாம்.

முதலில் நின்றுபோன மூன்று நாட்கள். பெரும்பாலானோர் இங்கே இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். நின்ற நாட்களின் விற்பனைத் தொகை முழுவதையும் நட்டம் என்று எழுதுவது ஒன்று. வாங்காத ஸ்கிராப்புக்கும் எரிக்காத யூனிட்டுக்கும் நீங்கள் பணம் கொடுக்கவில்லை, எனவே கிலோவுக்கு 110 ரூபாய் போகவில்லை, 110-இலிருந்து 86 போக மீதமுள்ள 24 ரூபாய் பங்களிப்புதான் போயிற்று. இரண்டாவது தவறு, இந்தப் பங்களிப்போடு சும்மா இருந்த ஆட்களின் சம்பளம், வங்கி வட்டி, மின்வாரியத்தின் டிமாண்ட் சார்ஜ் (ஒப்பந்தம் செய்த மின்தேவைக்கான கட்டணம்) ஆகியவற்றையும் கூட்டுவது. ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்கு, உலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த நிலைச் செலவுகளைத் தாங்குவதற்காகத்தான் 24 ரூபாய் பங்களிப்பே இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஒரே நட்டத்தை இருமுறை எழுதியதாகும், முதலாளி அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், பிறகு மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

மூன்று நாட்களில் விடுபட்டது 13.5 டன். இரண்டு ஞாயிறுகளில் 9 டன்னைத் திரும்ப எடுத்துவிட்டீர்கள் என்று கொள்கிறேன். ஆகவே உண்மையில் கைவிட்டுப் போனது 4.5 டன், அதன் பங்களிப்பு 1,08,000 ரூபாய். மீட்ட 9 டன்னும் இலவசமாக வரவில்லை. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பதால் 28 பேருக்கு 1,400 ரூபாய் வீதம் இரண்டு நாட்களுக்கு 78,400 ரூபாய். மாதச் சம்பளம் 86 ரூபாய்க்குள் இல்லை என்று நீங்கள் சொல்லியிருப்பதால் இது முழுவதும் கூடுதல் செலவே. தனி வண்டி 38,000, பழுது 1,10,000. மொத்தம் 3,34,400 ரூபாய். முதலாளி வைத்திருக்கும் எண்ணைப்போல மூன்று மடங்கு.

இரண்டாவது பகுதிதான் எனக்குக் கவலை அளிக்கிறது. நாளுக்கு இரண்டு ஹீட் குறைந்ததால் ஒரு டன் உருக்கு, உங்கள் ஈல்டுப்படி (7 டன் உருக்குக்கு 4.5 டன் நல்ல வார்ப்படம்) சுமார் 640 கிலோ வார்ப்படம், தினமும் குறைந்திருக்கிறது. அதன் பங்களிப்பு நாளுக்கு 15,360 ரூபாய். 50 நாட்களுக்கு 7,68,000 ரூபாய். ஆனால் இதை அப்படியே எழுதிவிடாதீர்கள். உலைதான் உங்கள் தொழிற்சாலையின் குறுகிய வாசலாக இருந்த நாட்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். ஆர்டர் குறைவாக இருந்த நாட்களில் 14 ஹீட் உருக்கியிருந்தாலும் விற்றிருக்க மாட்டீர்கள். ஆர்டர் நிலுவை எத்தனை நாட்கள் இருந்தது என்று பார்த்து அந்த நாட்களை மட்டும் எடுங்கள்.

மின்செலவுக்கு இந்தக் கேள்வி இல்லை, அது எல்லா நாளும் உண்டு. டன்னுக்கு 25 யூனிட் கூடுதல், நாளுக்கு 6 டன், ஆக 150 யூனிட், 1,125 ரூபாய். 50 நாட்களுக்கு 56,250 ரூபாய்.

உலைப் பராமரிப்பு:

அந்த 25 யூனிட் எங்கே போயிற்று என்று முதலாளி கேட்டால் சொல்ல ஒரு விளக்கம். தாமிரம் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் அதன் மின்தடை சுமார் 0.39 சதவீதம் கூடுகிறது. காயில் 20 டிகிரி கூடுதலாகச் சூடாக ஓடினால் அதன் இழப்பு 8 சதவீதம் அளவுக்கு ஏறிவிடும். அதோடு ஹீட் 9 நிமிடம் நீண்டதால் லைனிங் (உலையின் உட்பூச்சு) வழியாகவும் திறந்த வாய் வழியாகவும் அந்த 9 நிமிடமும் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். இரும்பை 1500 டிகிரிக்குக் கொண்டுபோகக் கோட்பாட்டளவில் டன்னுக்குச் சுமார் 390 யூனிட் போதும். அதற்கு மேல் நாம் கட்டுகிற ஒவ்வொரு யூனிட்டும் இப்படிப்பட்ட இழப்புகளுக்குத்தான் போகிறது.

இன்னொன்றைப் பணமாக எழுத எனக்கு மனமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கருகிய காயில் வெடித்துத் தண்ணீர் உருக்குக்கு அடியில் புகுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். உங்கள் மெல்டர் உலையைச் சாய்க்க எடுத்துக்கொண்ட அந்த நிமிடங்களில் அவர் நின்றிருந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். ஜம்பர் ஒயரை இன்றே எடுத்துவிட்டீர்களா என்று தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

சர்வே மேசை:

காப்பீட்டைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லை. மெஷினரி பிரேக்டவுன் பாலிசி இருந்தால் எதிர்பாராமல் திடீரென ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால் தேய்மானம், அரிப்பு, உப்புப் படிவு போன்று படிப்படியாக ஏற்படுபவை வழக்கமான விலக்குகளில் அடங்கும். பாதுகாப்பு ஸ்விட்ச்சைச் செயலற்றதாக்கியிருந்தது தெரியவந்தால் சர்வேயர் அதைத்தான் முதலில் எழுதுவார். அந்த பாலிசி இயந்திரச் சேதத்தை மட்டுமே ஈடுசெய்யும். உற்பத்தி நின்றதால் போன லாபத்துக்கு மெஷினரி லாஸ் ஆஃப் பிராஃபிட் என்ற தனிப் பாலிசி எடுத்திருக்க வேண்டும், அதிலும் முதல் சில நாட்களை உங்கள் கணக்கிலேயே விடும் நிபந்தனை இருக்கும். மூன்று நாள் நிறுத்தம் அந்த நாட்களுக்குள்ளேயே முடிந்துபோக வாய்ப்பு அதிகம். ஆகவே உங்கள் கணக்கில் காப்பீட்டு வரவை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முத்துநகர் குளிர்பதனம்:

தூத்துக்குடியில் இறால் பதப்படுத்தும் தொழிலில் அமோனியா பிளான்ட்டைப் பார்த்துக்கொள்பவன் நான். எங்கள் துறையில் நட்டம் வேறு வடிவத்தில் வரும், ஆனால் வருகிற வழி ஒன்றுதான்.

கம்ப்ரெசர் நின்றால் கிடங்கில் இருக்கும் சரக்கு உடனே கெட்டுவிடும் என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். நிறைந்த கிடங்கின் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் மைனஸ் 20 டிகிரியில் உறைந்த சரக்கு பல மணி நேரம் தாங்கும். அந்த நேரத்தில் எங்களைத் துரத்துவது, தோல் உரித்துத் தரம் பிரித்து, தட்டுகளில் அடுக்கி, உறைகலனுக்குள் போகக் காத்திருக்கும் சரக்குதான். அதற்கு ஐஸைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தாமதம் நீண்டால் நிறமும் எடையும் போய், ஏற்றுமதித் தரத்தில் வாங்கிய இறாலை உள்ளூர் விலைக்குத் தள்ளிவிட நேரும். அதே சரக்கு, அதே கொள்முதல் விலை, விற்பனை மட்டும் வேறு. கன்டெய்னர் புக்கிங் தவறினால் அது தனிக் கணக்கு.

நிற்பதற்கு முன்னாலேயே நட்டம் ஓடத் தொடங்கிவிடுகிறது என்று இங்கே சொன்னார்களே, அதை அப்படியே வழிமொழிகிறேன். அமோனியா வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரில் உப்பு படிந்து, கண்டென்சிங் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினாலே கம்ப்ரெசர் 2 முதல் 3 சதவீதம் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். 5 டிகிரி ஏறியிருப்பதை ஹெட் பிரஷர் மீட்டர் தினமும் காட்டிக்கொண்டுதான் இருக்கும். மின்கட்டணம் கணக்குப் பிரிவுக்குப் போகிறது, மீட்டர் எங்கள் அறையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பதில்லை.

சிங்கை டேட்டா சென்டர்:

பெரிய அளவில் நடந்த ஒன்றை முதலாளிக்குச் சொல்ல விரும்பினால், 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்லலாம். ஈக்வினிக்ஸ் டேட்டா சென்டர் ஒன்றில், திட்டமிட்ட மேம்பாட்டுப் பணியின்போது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஒப்பந்ததாரர் தவறாக ஒரு சிக்னலை அனுப்பிவிட்டார். அறை சூடேறியதால் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகளும் முடங்கி, சுமார் 25 லட்சம் பணப் பரிவர்த்தனைகளும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறாமல் போயின. அடுத்த மாதமே டிபிஎஸ் வங்கியின் அவசியமற்ற தொழில்நுட்ப மாற்றங்களையும் புதிய தொழில் கையகப்படுத்தல்களையும் ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைத்தது சிங்கப்பூர் நாணய ஆணையம். வால்வைத் திறப்பதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

அரசூர்க் கணக்கர்:

அனைவருக்கும் நன்றி. ஜம்பர் ஒயரைப் பழுது முடிந்த அன்றே எலக்ட்ரீஷியன் எடுத்துவிட்டார், நேற்று நானே நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஆர்டர் பதிவேட்டைச் சரிபார்த்ததில், அந்த 50 நாட்களில் 30 நாட்கள் நிலுவை இருந்திருக்கிறது. எனவே குறைந்த ஹீட்டுகளின் பங்களிப்பு 4,60,800 ரூபாய், மின்செலவு 56,250, ஆக 5,17,050 ரூபாய் யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. உலை நின்றதால் போன 3,34,400 ரூபாயைவிட இது அதிகம். இரண்டும் சேர்த்து 8,51,450 ரூபாய். இதை ஒரே தாளில் எழுதி, மெல்டரின் பென்சில் குறிப்புகள் உள்ள லாக் பக்கங்களின் நகலையும் சேர்த்து முதலாளியிடம் கொடுத்தேன். அவர் எண்களைவிட அந்தக் குறிப்புகளைத்தான் நீண்ட நேரம் படித்தார். மெல்டரை அழைத்து உட்காரச் சொல்லிப் பேசினார். கொட்டேஷனை மறுக்கவில்லை, ஆனால் இந்த மாதம் பாதித் தொகைதான் தர முடியும் என்கிறார். எதை முதலில் செய்வது?

உலைப் பராமரிப்பு:

பம்பு நின்றால் மாற்றுப் பம்பு தானாக ஓடும் ஏற்பாடு, கரண்டே இல்லாவிட்டாலும் தானாக இறங்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர், ஒவ்வொரு பாதைக்கும், ஓட்டம் குறைந்தால் பேனலை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்ச். இவை மூன்றும் முதலில். உலை காலியான பிறகும் லைனிங்கின் வெப்பம் பல மணி நேரம் காயிலை நோக்கி வந்துகொண்டிருக்கும் என்பதால், தொட்டியின் அளவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அடுத்தது சாஃப்ட்னர், அதற்கு உப்புப் போட்டு ரீஜெனரேஷன் செய்த தேதியை எழுதும் ஒரு பலகை. ஹீட் எக்ஸ்சேஞ்சரும் மூடிய சுற்றும் இரண்டாம் தவணையில் வரட்டும். அவை வந்தபின் தண்ணீரை அளவுக்கு மீறிக் குளிரவைத்துவிடாதீர்கள், மழைக்காலத்தில் காயிலிலும் பேனலுக்குள்ளும் வியர்த்து அதுவே ஷார்ட் ஆகும்.

பணமே தேவைப்படாத ஒன்றை நாளைக்கே செய்யலாம். உங்கள் காயிலில் நான்கு பாதைகள் என்றால் ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 21 லிட்டர் வர வேண்டும். 10 லிட்டர் வாளியை ஒவ்வொரு ரிட்டர்ன் ஹோஸின் கீழும் பிடித்துக் கைப்பேசியில் நேரம் பாருங்கள். 29 விநாடி அளவில் நிரம்ப வேண்டும். 40-ஐத் தாண்டினால் அந்தப் பாதையைத் திறந்து சுத்தம் செய்யாமல் முழுப் பவர் கொடுக்காதீர்கள். அந்த நான்கு எண்களையும் வாரம் ஒருமுறை லாக் புத்தகத்தில் எழுதுங்கள், கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

அரசூர்க் கணக்கர்:

இன்று காலை முதல் ஹீட்டுக்கு முன் மெல்டரும் நானும் வாளி பிடித்தோம். முதல் மூன்று ஹோஸ்களும் 28, 30, 29 விநாடிகள். நான்காவது 47. பழுது பார்த்தவர்கள் இன்சுலேஷனை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே சுத்தம் செய்யாமலே திருப்பித் தந்திருக்கிறார்கள் போலும். முதலாளியிடம் சொல்லிக் காயிலைக் கழுவ ஆள் வரச்சொல்லியிருக்கிறோம். அதுவரை இரண்டாவது குரூசிபிளில் ஓட்டுகிறோம்.